எட்டு அங்குலம்

அஸ்திவாரத்தின் தெற்கு மூலையில் குடையை ஊன்றிக்கொண்டு டீச்சர் நின்ற நிலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அளவு நாடாவை இழுத்துக்கொண்டு நான் அந்த மூலைக்குப் போனேன், அவர் நகரவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க டீச்சர்" என்றேன். குடையோடு அரை அடி தள்ளினார், அவ்வளவுதான். மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. எதையோ மறைக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். சொந்த நிலம் உள்ள சம்பளக்காரர்களுக்கு வீடு கட்டச் சர்க்கார் கடன் கொடுத்தது. நிலப்பத்திரத்தைச் சர்க்காரிடம் ஈடு வைக்கவேண்டும். பணம் தவணை தவணையாக வரும். ஒவ்வொரு தவணைக்கு முன்பும் ஓவர்சியர் போய் அளந்து, அனுமதித்த பிளான்படி வேலை நடந்திருக்கிறது என்று எழுதித் தரவேண்டும். அந்த ஓவர்சியர் நான். வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் அளக்காமலே எழுதிக் கொடுத்து, எஞ்சினீயரிடம் அகப்பட்டு, வேலையை இழந்தவர். எஞ்சினீயர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து தானே நாடா பிடிக்கிற ஆள். ஜீப் சத்தம் எங்கே கேட்டாலும் நாடாவை எடுத்து இன்னொரு முறை அளப்பேன்.

டீச்சருக்குப் புதுக்கடைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. கணவருக்கு இழுப்பு நோய். மழைக்காலம் வந்தால் மனிதர் மூச்சுக்குத் தவிப்பார். ஒழுகாத கூரை ஒன்று வேண்டும் என்றுதான் கடனுக்கு எழுதிப்போட்டதே. இரண்டு சின்னப் பிள்ளைகள்.

நாடாவை வைத்தேன். பிளானைவிட நீளத்தில் எட்டு அங்குலம் குறைந்தது. இன்னொரு முறை வைத்தேன். அதே எட்டு.

டீச்சர் குடையைக் கீழே போட்டுவிட்டார். "மூத்தாசாரி வந்து கோல் வச்சுப் பாத்தாரு சாரே. சர்க்கார் பிளான்படி கெட்டினா சுத்தளவு மரணத்துல விழுதாம்" என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டின் சுற்றளவைக் கோலால் அளந்து ஆசாரி கணக்குப் போடுவார். விடை பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம் என்ற ஐந்தில் ஒன்றில் விழும். மரணத்தில் விழுந்த அளவில் யாரும் வீடு கட்டமாட்டார்கள். திருவனந்தபுரத்தில் அடியிலும் அங்குலத்திலும் பிளான் வரைந்தவருக்கு இது எங்கே தெரியும்?

"நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. இதையெல்லாம் நம்பப்பிடாது. ஆனா கேட்ட காதை என்ன செய்ய? அவருக்க நெஞ்சு இழுக்கும்போ எனக்கு அந்தச் சொல்லுதான் ஓர்மை வருது."

நான் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. "பிள்ளியளுக்குப் பாடம் சொல்லுத நீங்களே இப்பிடிப் பேசலாமா?" என்றேன். பிளானைத் திருத்தி வாங்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் மழை வந்துவிடும், இப்படியே விட்டால் கடன் ரத்தாகி நிலமே கையை விட்டுப் போகும் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாம் உண்மைதான். எங்கள் வீட்டிலும் ஆசாரி கோல் வைத்த பிறகே கல் போட்டார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில், அந்தக் கணக்கின் மேல் எனக்கும் இருந்த பயத்தைச் சிரிப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

டீச்சர் கீழே கிடந்த குடையை எடுத்துக்கொண்டார். பிறகு கொத்தனைக் கூப்பிட்டு, "பிரிச்சு வைய்யும்" என்றார். மறுவாரம் தெற்குப் பக்கக் கல் எட்டு அங்குலம் வெளியே போயிருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

சுவர் எழும்பியபோதும், ஓடு போட்டபோதும் மறுபடி அளக்கப் போனேன். திருப்பத்தில் சைக்கிளை நிறுத்தி, அழுகைச் சத்தம் ஏதும் கேட்கிறதா என்று காது கொடுப்பேன். உள்ளே இருமல் கேட்டால்தான் நிம்மதி, ஆள் இருக்கிறார். குடியேறிய பிறகு, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் டீச்சர் பாயைச் சுருட்டி, அவர்களையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார் என்று கேள்விப்பட்டேன். ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாவட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, நான் எங்கெங்கோ மாற்றலாகிப் போனேன். அந்தப் பக்கத்துச் சாவுச் செய்தி எது வந்தாலும் எந்த வீடு என்றுதான் முதலில் கேட்டேன். அந்த வீடாக ஒருமுறையும் இல்லை.

கடன் முடிந்து நிலப்பத்திரம் திரும்பக் கிடைக்க இருபது வருஷம் ஆயிற்று. கிடைத்த வாரமே டீச்சர் தெற்குச் சுவரை இடிக்கிறார் என்று தகவல் வந்தது. லீவு போட்டுவிட்டுப் போனேன். கணவர் தென்னை நிழலில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தூசியைத் திட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்து, நல்ல உயிரோடு. புதுச் சுவர் உள்ளே தள்ளி எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு புது ஆசாரி சுற்றளவைக் கணக்குப் போட்டு, யௌவனம் என்றார். நான் விட்ட மூச்சு பக்கத்தில் நின்ற டீச்சருக்குக் கேட்டிருக்கவேண்டும், திரும்பிப் பார்த்தார்.

"சாரும் பேடிச்சுதான் கெடந்தீங்களா?"

"ஆமா டீச்சர். அண்ணைக்கே பிடிச்சு பயந்துதான் கெடந்தேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"அண்ணைக்கு அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா" என்றார், "நான் இத்தன வருஷம் தனியாட்டு பேடிச்சிருக்க மாட்டேன் இல்லியா?"