அம்மா திருப்பி அனுப்பிய கடிதம்

அறுபதுகளின் கடைசியில் ஓர் அலுவலகத்தில் கணினி புரோகிராமராக இருந்தேன். மருத்துவமனை நோயாளிகளின் பெயர்கள் துளை அட்டைகளில் இருக்கும். அவற்றைப் படித்து, எந்த நாள் வர வேண்டும் என்று கடிதம் அச்சிடுவது என் புரோகிராமின் வேலை. அந்த வேலை தெரிந்தவர்கள் அப்போது ஊரில் கொஞ்சப் பேர்தான். எனக்குத் தலைக்கனம் நிறையவே இருந்தது.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துக் கடிதம் வரும் என்று ஃபேரர் பார்க் வீட்டில் மூன்று மாதமாகக் காத்திருந்தார். அந்தக் கடிதம் ஒருநாள் என் மேசைக்கே வந்தது, ஆளில்லை என்று திரும்பிய கட்டுக்குள். உறையில் எங்கள் வீட்டு முகவரி, ஆனால் அம்மாவின் அப்பா பெயர், முன்னால் ‘திரு’ வேறு. அவர் பினாங்கில் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது.

வெள்ளைக்காரர் கையேட்டில் கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர், உறையில் அதைப் போட்டால் போதும் என்று இருந்தது. புரோகிராமை அப்படியே எழுதிவிட்டேன். நமக்குக் கடைசியில் வருவது அப்பா பெயர் என்பது, தினமும் அப்படியே எழுதுகிற எனக்கு உறைக்கவில்லை. கட்டு முழுக்க நம்மவர்கள். செம்பவாங், குவீன்ஸ்டவுன் என்று எங்கெங்கோ காத்திருந்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் கேட்டேன்.

“ஆமாப்பா, அப்பா பேருக்கு ஒண்ணு வந்துச்சு. அவரு போய்ச் சேர்ந்துட்டாருன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டேன்” என்றார்.

புது வகை அட்டைகளுக்கான புரோகிராமைத் திருத்த ஒரு மணி நேரம்தான் ஆனது. ஆனால் பழைய வகை அட்டைகளுக்காக நான் முன்பு எழுதிய இரண்டு புரோகிராம்களும் அதே தப்போடு ஓடிக்கொண்டிருந்தன. அம்மாவின் அட்டை இருப்பதிலேயே பழைய வகை.

யாழ்ப்பாணத்துக்காரரான மேலதிகாரி, “புதுசில திருத்திப்போட்டீர்தானே. பழசு தானாக் கழிஞ்சு போகும்” என்றார்.

“பழசுலதான் சார் எங்கம்மா இருக்காங்க.”

அவர் கணினியில் தனக்கு ஒதுக்கிய நேரத்தில் தினம் அரை மணி எனக்கு விட்டுக்கொடுத்தார்.

புதுத் திருத்தத்தை அப்படியே தூக்கிப் பழையதில் வைக்க முடியாது. புது அட்டையில், பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே வரும் ‘மகன்’, ‘மகள்’ குறி எப்போதும் ஒரே கட்டத்தில் இருக்கும்; பழையதில் எங்கே வேண்டுமானாலும் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து, பின்னால் இருப்பதை வெட்ட வேண்டும். மூன்று வாரம் பிடித்தது.

ஒரு மாலை வீடு திரும்பியபோது அம்மா மடியில் பிரிக்காத உறையோடு உட்கார்ந்திருந்தார்.

“தபால்காரரு என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாருப்பா.”

பிரித்து, நாளைப் படித்துச் சொன்னேன். முன்பு தப்பு செய்தது நான்தான் என்றும் சொன்னேன். அம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. உறையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“இதுல அப்பா பேரு இல்லையா?”

“வெட்டிட்டேம்மா.”

“அன்னிக்கு வாசல்ல தபால்காரரு எங்கப்பா பேரச் சத்தமாச் சொன்னாரு. கேட்டு எத்தன வருஷமாச்சு. என் பேருக்குப் பின்னாடி அதுவும் இருந்துட்டுப் போகட்டுமேப்பா.”

மறுநாள் காலை, மேலதிகாரியிடம் போய் மறுபடி அரை மணி கேட்டு நின்றேன்.