மூச்சு பழகும் நாட்கள்

பதினோராயிரம் அடிக்கு மேல் உயரத்தில் இருக்கும் லே நகரத்தில் விமானத்தை விட்டு இறங்கிய மூன்றாம் நாள் காலை, ஷூ கயிறு கட்டக் குனிந்தேன். நிமிர்வதற்குள் மூச்சு வாங்கியது. தலை முந்தைய நாளிலிருந்தே வலித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

என் ஊர் தோணிரேவு, பழவேற்காடு ஏரிக்கரை. இருபத்தைந்து வயதுவரை மீன் பிடித்தேன். பிறகு சோலார் தகடு பொருத்தும் வேலை கற்றுக்கொண்டேன். லேயில் ஒரு விடுதியின் மொட்டை மாடியில் தகடு பொருத்த என்னையும் மைதீன் பாயையும் அனுப்பியிருந்தார்கள். அவர் பழவேற்காட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சர்க்கரை நோயாளி. உயரம் உடம்புக்குப் பழக, முதல் இரண்டு நாட்கள் எந்த வேலையும் செய்யாமல் படுத்திருக்க விடுதியில் சொன்னார்கள். அவர் படுத்திருந்தார். நான் முதல் நாளே தகடுகளை மாடிக்குச் சுமந்தேன். படகு தள்ளிய உடம்பாயிற்றே என்ற நினைப்பு.

மதியம் இருமல் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு போதவில்லை. துப்பினால் இளஞ்சிவப்பு நுரை. மைதீன் பாய் அதைப் பார்த்துவிட்டார்.

“இன்னாடா இது? எப்போலேந்து?”

“நேத்துலேந்து தலவலி பாய். அவ்ளோதான்.”

“அவ்ளோதானா? ஒதடு நீலமா கெடக்குது. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

அங்கே ஆக்ஸிமீட்டர் (விரல் நுனியில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி) ஐம்பத்தெட்டு காட்டியது. தொண்ணூறுக்கு மேல் இருந்தே பழகிய உடம்பு. டாக்டரம்மா இந்தியில் பேசினார். மைதீன் பாய் எனக்குச் சொன்னார்.

“நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சாம். ஆக்சிஜன் வெச்சா சரியாயிடுமாம். ஒன் பலத்துல கொறயில்ல, பழகறதுக்கு ஒடம்புக்கு நாள் குடுக்கலனு சொல்றாங்க.”

நுரையீரல் நீர்க்கோர்வை (காற்றுப்பைகளில் நீர் கசிந்து தேங்குவது) என்பது அதன் பெயர். முகமூடி மாட்டிய முதல் ஒரு மணி நேரம், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். என் மனைவி செல்வி போனில் அழைத்தாள். ஒரு வாக்கியத்தை முடிக்க எனக்கு மூச்சில்லை. அவளே பேசினாள்.

“தலவலிக்குதுனு ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சிடும் ஒனக்கு?”

முகமூடியோடு தலையை ஆட்டினேன்; போனில் அது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் டாக்டரம்மா, மைதீன் பாய் வழியாகவே, பொறுமையாக விளக்கினார். உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. அதை ஈடுகட்ட மூச்சு உடனே வேகமாகிறது. அதற்கேற்ப இரத்தத்தின் அமில அளவைச் சமன்செய்யச் சிறுநீரகங்களுக்குச் சில நாட்கள் வேண்டும். அடிக்கடி சிறுநீர் போவது அதனால்தான். சிவப்பணுக்கள் (ஆக்சிஜனைச் சுமக்கும் இரத்த அணுக்கள்) பெருக வாரக்கணக்கில் ஆகும். எதையும் அவசரப்படுத்த முடியாது.

கொஞ்சம் தேறியதும் கீழே, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிந்திருந்தது.

அடுத்த ஆண்டு அதே விடுதியில் மீதி வேலைக்குக் கூப்பிட்டார்கள். செல்வி இரண்டு நாள் யோசித்தாள். பிறகு, “டாக்டர் போலாம்னா போ,” என்றாள். ஒரு முறை வந்தவர்களுக்கு மறுபடி வரக்கூடும் என்று ஊரில் பார்த்த டாக்டர் எச்சரித்தார். மாத்திரை எழுதிக்கொடுத்து, மெதுவாக ஏறச் சொன்னார். நானும் மைதீன் பாயும் ஸ்ரீநகர், கார்கில் என்று தங்கித் தங்கிச் சாலை வழியே போனோம்.

மலைக்குப் போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: தலைவலியை மறைக்காதீர்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உதவி தேடுங்கள், கீழே இறங்குங்கள்.

லே போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் பிற்பகல், கட்டிலில் படுத்திருந்தேன். கண்ணயரும் நேரத்தில் மூச்சு சில நொடிகள் நின்றது. பழகும்வரை தூக்கத்தில் இப்படி நடக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழைய ஆளாக இருந்தால் பதறி எழுந்து, ஏதாவது வேலையில் இறங்கியிருப்பேன். அசையாமல் கிடந்தேன். உள்ளே எனக்குத் தெரியாத வேலைகள் நடந்துகொண்டிருந்தன; அவற்றுக்கு என் உதவி தேவைப்படவில்லை. ஆழமாக ஒரு மூச்சு தானாக வந்தது. அடுத்ததற்காக நான் காத்திருக்கவில்லை, தூங்கிவிட்டேன்.