பவுனுவின் சின்னக் குழாய்

அவர் உள்ளே தூங்குகிறார், அதனால்தான் இதைச் சொல்கிறேன். அவர் விழித்திருக்கும்போது கேட்டிருந்தால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருப்பேன். நீங்கள் நம்பத்தான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேறு யாராவது வந்து இதை என்னிடம் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன், காப்பி கொடுத்து வழியனுப்பிவிட்டு அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பேன்.

பேய், பிசாசு, ஆவி என்று எதையும் நான் நம்பியவள் இல்லை. என் அப்பா சிகாமட் பக்கம் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தார். டாக்டர் எப்போதாவது வருவார், மற்ற நாளெல்லாம் அப்பாதான் டாக்டர். எங்கள் வீடு பிணவறையை ஒட்டி இருந்தது. காய்ச்சல் காலத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பிணம் கிடக்கும், இந்தப் பக்கம் நான் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் எழுந்து வரவில்லை. கல்யாணமாகி பெக்கோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்த பிறகு, தோட்டத்துப் பெண்கள் ரப்பர் மரத்தடியில் அது நிற்கிறது, ஆற்றில் இது குளிக்கிறது என்று கதை சொன்னால், "அத்தனை பேய் சும்மா நிக்குதுன்னா ஆளுக்கொரு கத்தியைக் கொடுத்துப் பால் வெட்டச் சொல்லுங்கடி" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

உள்ளே தூங்குகிறாரே, இவர் அந்தத் தோட்டத்தில் கிராணி, ஆபீசில் எழுத்து வேலை. சாதுவான மனுஷன். ஒரே ஒரு பைத்தியம், வானம். துரை தூக்கிப்போட்ட ஒரு உடைந்த பைனாகுலர், மூக்குக்கண்ணாடிக் கடையில் சொல்லி வரவழைத்த ஒரு வில்லை, ஆள் நீளத்துக்கு ஒரு தகரக் குழாய், இவற்றை வைத்துத் தானே ஒரு தூரக்கண்ணாடி செய்து வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார். தோட்டத்தில் அதற்குக் கிராணியார் பீரங்கி என்று பேர். மேற்குப் பக்கம் அப்போதுதான் புதுக்கன்று நட்டிருந்தார்கள், அதனால் பொழுது சாய்கிற பக்கம் வெட்டவெளியாகத் தெரியும்.

எங்கள் பெண் பவுனுவுக்கு அப்போது ஆறு வயது. அப்பா எங்கே நின்றாலும் அவள் அங்கே நிற்பாள். பீரங்கியில் கண் வைக்க எட்டாமல் அதைப் பிடித்துத் தொங்கி ஒரு நாள் கவிழ்த்தே விட்டாள். அதற்குப் பிறகு இவர் மூங்கிலில் இன்னொன்று செய்தார், அவள் உயரத்துக்குக் கட்டையான முக்காலி போட்டு. அது சின்னக் குழாய். சாயங்காலம் ஆனால் அப்பனும் மகளும் பின்பக்கம் போய்விடுவார்கள். நான் போனதில்லை. எனக்கு அடுப்பு, பாத்திரம், மறுநாள் பாடு. வெள்ளி முளைத்தால் என்ன, முளைக்காவிட்டால் என்ன, நமக்குச் சோறு வெந்தாக வேண்டுமே. ஆனால் அடுப்படித் தட்டி வழியாகச் சத்தம் கேட்கும். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியுமாம். "அப்பா, அங்கம்மா பெரியம்மா தலைகீழா நடந்து வர்றாங்க!" என்று கத்துவாள். அப்புறம் அடிக்கடி ஒரு கூச்சல், "ஓடுதுப்பா, ஓடுது!" வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால், வைத்த இடத்தில் குழாயை விட்டால் கொஞ்ச நேரத்தில் நட்சத்திரம் வட்டத்தை விட்டு நழுவிப் போய்விடுமாம், விடாமல் குழாயைத் துளித் துளியாகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமாம். இவர்தான் எனக்கு விளக்கிச் சொன்னார். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

அந்த வருஷம் வெள்ளியும் வியாழனும் மேற்கே ஒன்றை ஒன்று நெருங்கி வந்துகொண்டிருந்தன. இரண்டும் ஒட்டினாற்போல் உட்காரும் ஒரு மாலை வரும், ஒரே வட்டத்துக்குள் இரண்டையும் பார்க்கலாம், வெள்ளி பாதி நிலா மாதிரி இருக்கும், வியாழன் தன் குட்டி நிலாக்களோடு இருக்கும் என்று இவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். "முதல்ல உனக்குத்தான் காட்டுவேன், அப்புறம்தான் நான் பாப்பேன்" என்று அவளுக்கு வாக்கு வேறு. அவள் தினமும் கையை நீட்டி அளந்துவிட்டு அடுப்படிக்கு ஓடி வருவாள். "அம்மா, இன்னும் ஒரு சாண்தான்." நான், "கையைக் கழுவிட்டு வா" என்பேன்.

ஒரு சாண் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. என் அப்பா கொயினா மருந்தோடு ரயிலேறி வந்தார். எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்த கை அது. அவள் குளிரில் நடுங்கிக்கொண்டே, "இப்ப எத்தனை விரல்பா?" என்று கேட்பாள், இவர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். நாலு விரல் இருக்கும்போது போய்விட்டாள். இதற்கு மேல் அதைப் பற்றி என்னால் சொல்ல முடியாது, கேட்காதீர்கள்.

நான் அழுதேன், தலையில் அடித்துக்கொண்டேன், சாமி படத்தைத் திருப்பி வைத்தேன். இவர் அழவே இல்லை. சோறு தொடவில்லை, ஆபீஸ் போகவில்லை. சாயங்காலம் ஆனதும் இரண்டு குழாயையும் தூக்கிக்கொண்டு போய் வெளியில் வைத்து, சின்னதை மேற்கே திருப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் விடியற்காலையில் ஆற்றங்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவரைப் பால் வெட்டப் போனவர்கள் பார்த்துக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அன்றைக்கே சொன்னார், "கமலம், காட்டறேன்னு பிள்ளைகிட்ட சொல்லிட்டேன். அதைக் காட்டிட்டு, அப்புறம்..."

அப்புறம் என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையை வாரிக்கொடுத்த எனக்கு, இரண்டும் ஒட்டும் அந்த மாலை முடிந்தால் இவரும் இல்லை என்று தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டு அங்கம்மா, "சின்னப் புள்ள போனா வாசலை விட்டு லேசில போகாது கமலம், அதான் கிராணியாரை இழுக்குது" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "என் புள்ள யாரையும் இழுக்க மாட்டா, வாயை மூடிக்கிட்டுப் போங்கக்கா" என்று விரட்டிவிட்டேன்.

அந்த மாலையும் வந்தது. மத்தியானம் மழை கொட்டி வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. பொழுது இறங்கியதும் வெறும் கண்ணுக்கே இரண்டும் ஒட்டிக்கொண்டு தெரிந்தன, ஒரு விரல்கூட இடையில் புகாது. இவர் முதலில் சின்னக் குழாயின் பக்கத்தில் மண்டியிட்டு, அதை வெகுநேரம் சரிபார்த்து வைத்தார். "பாரு பவுனு" என்றார். பிறகு எழுந்து பெரியதில் கண்ணை வைத்தார்.

ஆற்றுக்குப் போவதென்றால் பின்பக்கத்து வேலிப் படலைத் திறந்துகொண்டுதான் போக வேண்டும். நான் சத்தம் போடாமல் போய் அந்தப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலா மரத்தடி, நல்ல இருட்டு. அவர் மேற்கே பார்த்து நின்றார், நான் அவர் முதுகுக்குப் பின்னால். இவர் திரும்பினால் காலைக் கட்டிக்கொள்வது, கத்தி ஊரைக் கூட்டுவது, இதுதான் என் யோசனை. அந்த இடத்தை விட்டு நான் ஓரடி நகரவில்லை. இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து பார்த்தால் இரண்டு குழாயும் பக்கத்தில் பக்கத்தில், வெளுத்த வானத்தில் கறுப்பாகத் தெரிந்தன. வெள்ளியும் வியாழனும் கீழே இறங்க இறங்க இவர் பெரியதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்தார். நான் அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மூங்கில் கட்டையில் உரசுவது போல மெல்ல ஒரு சத்தம். எலியோ என்று நினைத்தேன். மறுபடியும் அதே சத்தம். பார்த்தால், சின்னக் குழாயும் இறங்கியிருந்தது.

நம்பினால் நம்புங்கள். இவர் பெரியதைத் துளி இறக்குவார், கொஞ்சம் பொறுத்து சின்னது துளி இறங்கும். அப்பா செய்வதைப் பார்த்துப் பிள்ளை செய்வது மாதிரி. இவருடைய இரண்டு கையும் பெரியதில் இருந்தன, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். காற்று இல்லை. சின்னக் குழாயின் பக்கத்தில் யாரும் இல்லை. எத்தனை தரம் அப்படி நடந்தது என்று நான் எண்ணவில்லை, எண்ணுகிற நிலையிலா இருந்தேன்? இரண்டு குழாயும் ஒரே சாய்வில், கன்றுகளுக்கு அப்பால் இருந்த மரக் கூட்டத்துக்குள் வெள்ளியும் வியாழனும் மறைகிற வரைக்கும், ஒன்றை ஒன்று விடாமல் இறங்கின. என் கை படலில் இறுகிப்போய் விட்டது. எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் எனக்கே வியப்பு. 'தள்ளும்மா, தள்ளு' என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இவர் கண்ணை எடுத்தார். இதோ திரும்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். தோள் குலுங்கியது, அப்போதுதான் முதல் தடவையாக அழுகிறார் என்று தெரிந்தது. பிறகு சின்னக் குழாய் இருந்த பக்கம் பார்த்து, "கமலம், பசிக்குது" என்றார்.

"இதோ வர்றேங்க" என்று நான் படலண்டையிலிருந்து சொன்னேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ எப்ப அங்க போனே?" என்றார்.

மனசு ஒரு இடத்தில் இல்லை, ஏதோ கேட்கிறார் என்று விட்டுவிட்டேன். எனக்கு அப்போது அவர் சாப்பிட்டால் போதும். இரண்டு கை சோறும் ரசமும் சாப்பிட்டார். அன்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை, அவர் தூங்கினார். மறு வாரம் ஆபீஸ் போனார். சின்னக் குழாயை அவரே துணியில் சுற்றிப் பரணில் வைத்தார். ஆற்றுப் பக்கம் போகவே இல்லை.

நான் சும்மா விடுகிறவளா? அந்த மாலைக்கு மறுநாளே, அவர் குளிக்கப் போனபோது சின்னக் குழாயை ஆராய்ந்து பார்த்தேன். குழாயை முக்காலியில் பிடித்திருக்கும் ஆணி தளர்ந்து தானாக இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஆசை. கண் வைக்கிற பக்கம் பித்தளை, அதுதான் கனம். ஆணியைத் தளர்த்திவிட்டால் அந்தப் பக்கம் சாய்ந்து முன்பக்கம் மேலே போய்விடுகிறது. தானாக நழுவினால் வானத்தைப் பார்த்து ஏற வேண்டுமே தவிர, மரக் கூட்டத்தைப் பார்த்து இறங்காது. அன்று பார்த்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் சின்னக் குழாயைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார், மறுபடியும் ஆறு. எனக்கு உயிரோடு இருப்பவர் வேண்டும்.

இத்தோடு முடிந்திருந்தால் காலப்போக்கில் நானும் ஏதோ கண் மயக்கம் என்று சொல்லி மறந்திருப்பேன். பல வருஷம் கழித்து, நாங்கள் சிகாமட்டுக்கே மாறி வந்த பிறகு, ஒரு சாயங்காலம் ரயிலுக்குக் காத்துக்கொண்டு நின்றோம். மேற்கே பார்த்தால் அந்த இரண்டும் மறுபடியும் பக்கத்தில் பக்கத்தில். அன்றைக்கு மாதிரி அவ்வளவு ஒட்டி இல்லை. இரண்டு பேரும் பார்த்தோம். அப்புறம் அவர் மெதுவாக, "கமலம், அன்னிக்கு நீ செஞ்சதுக்கு நான் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்ல" என்றார்.

"நான் என்னங்க செஞ்சேன்?"

"சின்னக் குழாயை நகத்தினியே. சத்தமில்லாம பக்கத்துல வந்து முட்டி போட்டு உக்காந்து, நான் இறக்க இறக்க நீயும் இறக்கிக்கிட்டு. நான் பாக்கலன்னு நினைச்சே. ஓரக்கண்ணுல எல்லாம் தெரிஞ்சுச்சு. திரும்பினா நிறுத்திடுவியோன்னு நான் திரும்பவே இல்ல."

அவர் என் முகத்தைப் பார்க்காமல், வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு நான் வீட்டுக்குள்ள திரும்பி வர்றதா இல்ல, உனக்குத் தெரியுமோ என்னமோ. எனக்கு மட்டும்தான் புள்ள போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். நீ அடுப்படியிலேயே கிடப்பே, அவ வெளியில என்ன செஞ்சான்னு உனக்கு என்ன தெரியும்னு உன் மேல கோபம்கூட இருந்துச்சு. ஆனா நீ அவளை மாதிரியே தள்ளினே. மத்த விரலை எல்லாம் மடக்கிக்கிட்டு, சுண்டு விரலை மட்டும் நீட்டி, தொட்டும் தொடாம. அவ அப்படித்தான் தள்ளுவா. இதையெல்லாம் நீ பாத்து மனசுல வச்சிருந்திருக்கியேன்னு தோணுச்சு பாரு, அப்பத்தான் எனக்கு அழுகை வந்துச்சு. இவளை விட்டுட்டு எங்க போறதுன்னு தோணுச்சு."

ரயில் வருகிற சத்தம் கேட்டது. "ஆமாதானே?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனுஷன் இத்தனை வருஷம் என்னோடு உயிர் வாழ்ந்துகொண்டிருக்கிறார். அன்றைக்குத் தள்ளியது நான் இல்லை என்று சொன்னால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

ஆனால் ஒன்று. பவுனு சுண்டு விரலால் தள்ளுவாள் என்று அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. அவள் குழாயில் கண் வைத்துப் பார்த்ததை நான் ஒரு நாள்கூட வெளியே வந்து பார்த்ததில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். இப்போதும் தனியாக இருக்கும்போது விரலை எல்லாம் மடக்கி, சுண்டு விரலை மட்டும் நீட்டிப் பார்க்கிறேன், எப்படி இருந்திருக்கும் என்று. அவளைப் பெற்றவள் நான். அன்றைக்கு நானும் அங்கேதானே நின்றேன், ஓரடி நகராமல், கண்ணைச் சிமிட்டாமல் அந்தக் குழாயையேதானே பார்த்தேன். அவர் கண்ணுக்குத் தெரிந்தவள் என் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?

மெதுவாகப் பேசுங்கள், அவர் புரண்டு படுக்கிறார்.