பைலட் வாட்ச் கட்டிய மெக்கானிக்

பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை முக்கோணம், அதன் இருபுறமும் ஒவ்வொரு புள்ளி. பளபளப்பில்லாத கறுப்பு முகப்பு. இருட்டில் பச்சையாக ஒளிரும் தடித்த எண்கள். கையுறை போட்ட விரலாலும் திருகக்கூடிய பெரிய சாவி. அந்தக் கைக்கடிகாரத்தை வரைந்தவன் நான். கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் ரயில் ஏறும்போது யாராவது கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்துவார்கள், சட்டைக் கை இறங்கும், அது கண்ணில் படும். தள்ளிப் போய் நின்றுகொள்வேன்.

அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் டிசைனராக இருந்தேன். இணையத்தில் கைக்கடிகாரம் விற்பது தொழில். முதலாளியை எல்லோரும் பாஸ் என்போம். போர் விமானிகள் கட்டிய பழைய கடிகாரங்களின் படங்களை மாதக்கணக்கில் பார்த்துத்தான் வரைந்தேன். அவற்றில் அலங்காரமே கிடையாது என்பது எனக்குப் பிடித்திருந்தது. எந்தப் பக்கம் மேல் என்று ஒரே பார்வையில் தெரிய அந்த முக்கோணம். வெயில் பட்டுக் கண்ணில் அடிக்காமலிருக்க மங்கலான உலோகம். தடித்த ஜாக்கெட்டுக்கு மேலேயே கட்டிக்கொள்ள நீளமான வார். மாதிரிகள் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பாஸ் உதட்டைப் பிதுக்கினார். “ரொம்ப புதுசா இருக்கு லா. சண்டைக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கணும்.” அடுத்து வந்த ஆறிலும் கீறல்கள் இருந்தன. ஆறிலும் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில், ஒரே கீறல். எண்களுக்கு வயதான மஞ்சள் நிறமும் பூசியிருந்தார்கள். அருவருப்பாக இருந்தது. “நல்லா இருக்கு பாஸ்” என்றேன்.

விமானப்படையில் இருந்த யாராவது ஒருவரிடம் காட்ட வேண்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். கிள்ளானில் இருக்கும் என் மூத்த அக்காவின் கணவரை அழைத்து வந்தேன். மாமா விமானப்படையில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்து சார்ஜன், அதாவது சார்ஜன்ட், பதவியில் ஓய்வு பெற்றவர். அவர் கைக்கடிகாரம் கட்டி நான் பார்த்ததே இல்லை. இடது மணிக்கட்டைச் சுற்றி வளையல்போல ஒரு தழும்பு உண்டு. சேர்ந்த புதிதில், கழற்றி வைக்க மறந்த வாட்ச்சோடு விமானத்தின் பேட்டரிப் பெட்டிக்குள் கையை விட்டிருக்கிறார். இரும்பு வார் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் பட்டு, மின்சாரம் பாய்ந்து, பழுக்கக் காய்ந்து, தோலோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்த நண்பர்கள் வெட்டித்தான் எடுத்தார்களாம்.

மாதிரியைக் கையில் வாங்கிய மாமா கீறலை விரலால் தடவினார். “இது யாரு கீறுனது?” என்று கேட்டார். பாஸ் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, மாமாவின் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கீழே போனதும் பாஸ் என் தோளைப் பிடித்தார். “விளம்பரத்துக்கு அந்தக் கை வேணும் எனக்கு. கேட்டுச் சொல்லு. உன் காண்ட்ராக்ட் இந்த மாசம் முடியுதில்ல?”

நான் கேட்டேன். அக்காவிடம் முதலில் சொல்லி, அவள் வழியாகக் கேட்க வைத்தேன். “அந்தச் சனியன மறுபடியும் கையில கட்டச் சொல்றியா தம்பி?” என்றார் மாமா. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, ஒரு தடவதான்” என்றார். படம் எடுப்பதற்காக ஜெஞ்சாரோமில் பழைய லோரி பட்டறை ஒன்றை விமானக் கொட்டகைபோல மாற்றியிருந்தார்கள். மாமாவுக்கு விமானியின் தோல் ஜாக்கெட் போட்டுவிட்டார்கள். தழும்பு தெரியும்படி கடிகாரத்தைச் சற்று மேலே ஏற்றிக் கட்டினார்கள். “மெக்கானிக்னு போடுவீங்கதானே?” என்று ஒருமுறை கேட்டார். “போடுவாங்க மாமா” என்றேன். விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

விளம்பரம் வெளியானது. எரியும் விமானத்திலிருந்து உயிர் தப்பிய விமானி, அவர் நம்பிய கடிகாரம். பாஸ் எழுதிக் கொடுத்த வாசகத்தை அழகான எழுத்துருவில் படத்தின்மேல் பொருத்தியவனும் நான்தான். இரண்டே நாளில் மாமாவின் பழைய நண்பர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்குப் படம் போய்ச் சேர்ந்தது. “சார்ஜன், எப்போ பைலட் ஆன?” என்று ஒருவர் கேட்டிருந்தார். விமான விபத்தில் உண்மையாகவே இறந்துபோனவர்களின் பெயர்களை இன்னொருவர் வரிசையாகப் போட்டு, கீழே எதுவும் எழுதாமல் விட்டிருந்தார். மாமா குழுவிலிருந்து வெளியேறினார். என்னை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அறிமுக விழா கோலாலம்பூரில் ஒரு பெரிய மாலில் நடந்தது. நான் கடிகாரத் தட்டை ஏந்தி நின்றேன். மாமா தனியாக வந்தார், வீட்டில் போடும் அரைக்கைச் சட்டையில். வரிசையில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கையை நீட்டிக் காட்டினார். “நான் பைலட் இல்லங்க. மெக்கானிக். இது வாட்ச் சுட்ட தழும்பு.” மலாய்க்காரர்களிடம் மலாயில் சொன்னார். ஜனங்கள் சிரித்தார்கள். விளம்பரத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைப்பேசியை உயர்த்தினார்கள். ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தாள். பாஸ் கண்ணைக் காட்ட, காவலாளிகள் இரண்டு பேர் மாமாவின் அக்குளில் கை கொடுத்து நடத்திக்கொண்டு போனார்கள். போகும்போது என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். அன்று மாலைக்குள் எல்லாம் விற்றுப்போயின. “உங்க மாமா சூப்பர் லா” என்று பாஸ் என் முதுகில் தட்டினார். மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை. அதை ஒரு தியாகம்போல யாரிடமும் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

சில மாதம் கழித்து, மாமாவுடைய பழைய நண்பர்கள் செமினியில் ஒருவர் வீட்டில் கூடுகிறார்கள் என்று அக்கா சொன்னாள். மாமா போகப்போவதில்லை. நான் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நடுவே நின்று, செய்ததையெல்லாம் சொன்னேன். எழுத்துருவைக்கூட விடவில்லை. யாரும் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பெயர்களைப் போட்ட பெரியவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். “அந்த வாட்ச்ச அவன் கையிலேருந்து வெட்டி எடுத்தது நான்தான்யா. ஒரு போன் போட்டு அவன்கிட்டயே கேட்டிருக்கலாம். கேக்கல” என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, “வாங்க, கிள்ளானுக்குப் போவோம்” என்றார்.

இரண்டு கார்களில் போனோம். ஹாரன் சத்தம் கேட்டு மாமா வாசலுக்கு வந்தார். முதலில் யாரென்று தெரியாமல் கண்ணைச் சுருக்கினார். பெரியவர் இறங்கி அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் சுற்றி நின்றுகொண்டு மலாயும் தமிழுமாக அவரைக் கேலி செய்யத் தொடங்கினார்கள். மாமா அழுதுகொண்டே சிரித்தார். டீ குடிக்க வெளியே போகலாம் என்று முடிவானது. நான் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி காத்திருந்தேன். மாமா என்னைக் கடந்து, சுற்றிக்கொண்டு போய், மறுபக்கக் கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டார்.