மூன்று சுற்று மெட்டி

என் ஓரகத்தியைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள், என்னைவிட எட்டு வயது இளையவள். குன்னூர் பக்கத்தில் அருவங்காடு ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டு வரிசை கீழே குடியிருக்கிறாள். அவள் வைக்கும் ரசத்தை என் வீட்டுக்காரர் பாராட்டினாலே எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சல் கால்விரல் வரைக்கும் இறங்கியது போன பனிக்காலத்தில்தான்.

தீபாவளிக்குக் கோயமுத்தூரிலிருந்து வந்த மாமியார் அவளுக்கு மட்டும் மூன்று சுற்று வெள்ளி மெட்டி வாங்கி வந்தார். “உனக்குத்தான் இருக்குதல்லோ கண்ணு” என்று என்னிடம் சொல்லிவிட்டார். இருந்ததுதான், இருபத்திரண்டு வருடம் தேய்ந்த ஒற்றைச் சுற்று.

அடுத்த வாரமே குன்னூர் கடைவீதிக்குப் போய் அதே மாதிரி கேட்டேன். என் அளவு இல்லை, ஒரு அளவு சிறியதுதான் இருந்தது.

“நாலு நாள் பொறுங்க, பெருசு வந்துருமுங்க” என்றார் கடைக்காரர்.

நான் பொறுக்கிற ஆளா? மறுநாள் காலைக் குளிரில் விரல் சுருங்கியிருந்த நேரம் பார்த்து மாட்டினேன், ஏறிவிட்டது. ஏறியது இறங்கவில்லை. இடது கால் தப்பித்தது; கார்த்திகை முடிவதற்குள் வலது காலில் இரண்டாவது விரல் வீங்கிவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தேன், சோப்பு போட்டும் பார்த்தேன். அசையவில்லை.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு சௌகரியம் உண்டு. பனிக்காலத்தில் பாதிப் பேருக்குக் கால்விரல்கள் சிவந்து அரிக்கும். “பனிக்கு வீங்கிருச்சு” என்று சொன்னால் அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் அதையே சொல்லி, தடித்த சாக்ஸை மாட்டிக்கொண்டேன். ஒற்றை விரல் மட்டும் பனிக்கு எப்படி வீங்கும்? எனக்கே அந்தக் கேள்வி வந்தது, சாக்ஸை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன். கடையில் காலைக் காட்டி மெட்டியை வெட்டி எடுத்திருக்கலாம். ஆனால் தை மாதம் ஓரகத்தி மகள் வயதுக்கு வந்ததற்குச் சீர். அன்றைக்கு மண்டபத்தில் எல்லோரும் வெறுங்காலோடுதான் நிற்போம். அவள் பாதத்துக்குப் பக்கத்தில் என் பாதமும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

எனக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை வேறு. சீருக்கு இரண்டு நாள் முன்பு வலி நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், முட்டாள்.

சீரன்று மண்டபத்தில் முதல் வேலையாக அவள் காலைப் பார்த்தேன். பழைய ஒற்றைச் சுற்று மெட்டிதான் போட்டிருந்தாள். எனக்குக் குழப்பமாகிவிட்டது. அதற்குள் அவள் என் காலைப் பார்த்துவிட்டாள்.

“ஏனுங்க அக்கா, விரலு கறுத்துக் கெடக்குது!”

“பனிக்குங்க அது.”

“பனிக்கு இப்படி ஆகாதுங்க. நடங்க ஆஸ்பத்திரிக்கு.”

மகளை மணையில் உட்கார வைத்துவிட்டு, பட்டுச்சேலையோடு அவளே என்னோடு காரில் ஏறினாள். குன்னூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்னக் கருவி ஒன்றால் மெட்டியை வெட்டி எடுத்தார். அடியில் சதை பள்ளமாகி, சீழ் வைத்திருந்தது.

“இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரலையே எடுக்க வேண்டியிருக்கும்” என்று திட்டினார். “விரல் நிறம் மாறினா, மரத்துப்போனா, சீழ் வச்சா, வீக்கம் மேல ஏறினா அன்னைக்கே வரணும். சர்க்கரை இருந்தா சின்னப் புண்ணுக்கும் காத்திருக்கக் கூடாது. வலி நின்னது நல்லதுக்கு இல்லம்மா, உணர்ச்சி போயிருச்சுன்னு அர்த்தம்.”

கட்டுப் போட்டதும் ஓரகத்தியிடம் கேட்டே விட்டேன், அந்த மூன்று சுற்று எங்கே என்று.

“அதுங்களா? கடிச்சுதுங்க அக்கா. அன்னிக்கே கழட்டி பீரோல வெச்சுட்டேன்.”

“அத்தை ஒண்ணும் சொல்லலையா?”

“வலிக்குதுன்னு சொன்னேனுங்க. செரி உடுன்னுட்டாங்க.”

இரண்டு மாதமாக நான் யாரிடமும் சொல்லாத வார்த்தையை அவள் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். காலில் கட்டோடு உட்கார்ந்திருந்த எனக்கு அதற்கும் பொறாமையாக இருந்தது.

பத்து நாள் கழித்து, கட்டு மாற்ற வீட்டுக்கு வந்த ஓரகத்தி விரலை மெல்லத் தொட்டாள். “வலிக்குதுங்களா அக்கா?”

“வலிக்குது” என்றேன்.