கசியாத கண்ணாடி

போன மாதம் மகள் சில படங்கள் அனுப்பியிருந்தாள். அவளும் மாப்பிள்ளையும் கரீபியன் கடலில் ஏதோ ஒரு தீவின் கரையில் நிற்கிறார்கள். படகு கிடகு ஒன்றும் வேண்டாமாம். கரையிலிருந்து அப்படியே நடந்து இறங்கிப் பத்து நிமிடம் நீந்தினால் பவளப் பாறை வந்துவிடுமாம். எங்கே இறங்க வேண்டும் என்று சாலையோரம் கல் நட்டுப் பெயர்கூட எழுதி வைத்திருக்கிறார்களாம். அவள் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே போனாள். நான் அவள் முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கண்ணோடு மூக்கையும் சேர்த்து மூடியிருந்தது. "என்னப்பா, கேக்கறேளா?" என்றாள். கேட்கிறேன் என்று சொன்னேன். உண்மையில் கேட்கவில்லை.

நானும் ஒரு முறை அப்படிக் கரையிலிருந்து இறங்கியிருக்கிறேன். பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பம் ஒன்றில். எழுபதுகளின் பின்பாதி அது. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை ஒவ்வொரு ஷெட்டாக எழும்பிக்கொண்டிருந்தது. நான் ஒரு ரோலிங் மில்லில் பம்ப் ஃபிட்டர்.

திருவள்ளூரில் எங்கள் குடும்பம் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்கிற குடும்பம். நான் ஐ.டி.ஐ. படித்துவிட்டுக் கிரீஸ் கையோடு திரிவதில் அப்பாவுக்கு வருத்தம். ஊருக்குப் போனால் வாசலிலேயே நிறுத்தி, "கொல்லை வழியா வா, மொதல்ல கையை அலம்பு" என்பார். ஐந்து நாள் சோப்புப் போட்டாலும் போகாத கருப்பு அது, அலம்பினால் போகுமா? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் பாதி ஞாயிறுகளில் ஊருக்கே போகாமல் கும்மிடிப்பூண்டி அறையில் கிடப்பேன்.

அப்படிக் கிடந்த ஞாயிறுகளில்தான் அவன் நெருக்கமானான். என் வயதுதான் அவனுக்கும். எங்கள் மில்லில் கிரேனுக்கு ஹெல்பராக இரண்டு வருடமாகத் தற்காலிகத்தில் இருந்தான். மீன்பிடிக்கிற குடும்பம். ஆனால் கட்டுமரத்தில் ஏறி அலை தாண்டினால் அவனுக்கு வாந்தி வந்துவிடும். வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்து, பிறகு வெறும் பித்தமாக வரும். தண்ணீருக்குள் முங்கினால் ஒன்றும் இல்லை, மீனைப் போலப் போவான். தண்ணீருக்கு மேலே ஆடினால்தான் ஆகாது. குப்பத்தில் சின்னப் பிள்ளைகள்கூட அவனைப் பார்த்தால் வாந்தி எடுப்பதுபோல் ஓசை செய்து காட்டும். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். "மில்லு மட்டும் இல்லாங்காட்டி என் பொழப்பு நாறிடும் சாமி" என்பான். என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவான். கேலிதான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பங்குனியில் அவனுக்கு நேரம் வந்தது. மூன்று பேரைக் கிரேன் ஆபரேட்டராக நிரந்தரம் செய்வதாகச் சொன்னார்கள். பட்டியலில் அவன் பெயர் இரண்டாவது. திங்கட்கிழமை டாக்டர் பரிசோதனை மட்டும் பாக்கி. மேலே கூண்டில் உட்கார்ந்துகொண்டு கீழே நிற்பவன் காட்டும் கைச் சைகையைப் பார்த்து இரும்பைத் தூக்குகிற வேலை. கண்தான் முக்கியம். கண்ணைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. பிளாட்பாரத்தில் நிற்கும்போது, எனக்கு வெறும் புகையாகத் தெரிகிற ரயிலைப் பார்த்து, அது கூட்ஸா பாசஞ்சரா என்று சொல்லிவிடுவான்.

இப்போது என் கண்ணாடிக்கு வருகிறேன்.

அவன் அடிக்கடி 'பார்' பற்றிப் பேசுவான். பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கிற பாறைத் திட்டு. அவர்கள் குப்பத்தின் எதிரில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒன்று இருந்தது. சின்ன வயதிலிருந்தே நீந்திப் போய் முங்கிக் கையால் துழாவி சிங்கி இறால் பிடித்திருக்கிறான். "ஆனா பாத்ததில்ல சாமி. உள்ள கண்ண தொறந்தா எல்லாம் கலங்கலா கறுப்பாத்தான் தெரியும். எந்தப் பொந்து எங்க கீதுன்னு கைக்குத்தான் தெரியும்" என்பான்.

இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த ஃபிட்டர் விழித்துக்கொண்டான். ஸ்டோரில், சாணை பிடிக்கும்போது பொறி படாமல் மாட்டிக்கொள்கிற கிரைண்டிங் கண்ணாடிகள் கிடந்தன, வட்டமான இரண்டு கண்ணாடி, பக்கத்தில் காற்றோட்டத்துக்குத் துளைகள். ஒன்றைச் சீட்டில்லாமல் கொண்டுவந்தேன். திருட்டுதான், வேறு பெயர் சொல்வானேன். துளைகளை அடைத்தேன். லாரி டியூப் ரப்பரைக் கண்குழி அளவுக்கு வெட்டி, சொல்யூஷன் போட்டு ஒட்டினேன். நான்கு முறை பிரித்து நான்கு முறை ஒட்டினேன். கடைசியில் பக்கெட் தண்ணீரில் முகத்தை அமுக்கினால் சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. அன்று நான் அடைந்த திமிர் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அந்த ஞாயிறே போகவேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். "திங்கக்கெழம மெடிக்கலு கீதே, அடுத்த வாரம் போலாம்" என்றான். அடுத்த வாரம் எனக்கு ஷிஃப்ட், அதற்கடுத்த வாரம் தண்ணீர் கலங்கிவிடும் என்று காரணம் அடுக்கினேன். கடல் தெளிந்திருப்பது பங்குனியில் கொஞ்ச நாள்தான் என்று அவனே சொல்லியிருந்தான். அவன் சொன்னதை வைத்தே அவனை மடக்கினேன்.

பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து, பழவேற்காட்டில் ஏரியைத் தோணியில் கடந்து போனோம். ஏரியில் அலை இல்லை, அதனால் அவன் வயிறு தப்பித்தது. கடல் அன்று எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் அசையாமல் கிடந்தது. கரையில் வேட்டியைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்புத் துணியோடு இறங்கினோம். கோயில் குளத்தில் நீந்திப் பழகியவன் நான். உப்புத் தண்ணீர் தூக்கிப் பிடித்தது. "கொளத்துல கத்துக்கினது கடல்ல வேலைக்காவுதா பாக்கலாம்" என்று அவன் சிரித்துக்கொண்டே முன்னால் போனான்.

பாருக்கு மேலே வந்ததும் முதலில் நான்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். செய்தவனுக்குத்தானே முதல் உரிமை. கரைப் பக்கம் இரண்டு பாகம் ஆழம் இருக்கும், இரண்டு ஆள் கைவிரித்த நீளம். தலைகீழாக முங்கினேன். உள்ளே வெளிச்சம் பளிச்சென்று இருந்தது. பாறையின் மேடு தெரிந்தது. அதே நேரத்தில், யாரோ இரண்டு விரலால் என் விழிகளைப் பிடித்து வெளியே இழுப்பதுபோல் இருந்தது. இறங்க இறங்க இழுப்பு கூடியது.

எனக்கு என்ன தோன்றியது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சந்தோஷமாக இருந்தது. தண்ணீரை உறிஞ்சுகிற பம்ப்பின் குழாயில் எங்காவது காற்று புகுந்தால் தண்ணீர் ஏறாது. மூட்டுக்கு நடுவே ரப்பர் வெட்டிப் போட்டு இறுக்கியதும், குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்போம். கையை வெடுக்கென்று பிடித்து இழுத்தால் வேலை சுத்தம் என்று அர்த்தம். பல வருடப் பழக்கம். கண்ணை இழுத்ததும் என் புத்தி அங்கேதான் போனது. பிடிக்கிறது, கசியவில்லை, நம் கை வேலை பிரமாதம்.

மேலே வந்தேன். "எப்படி கீது?" என்றான். "சொட்டுத் தண்ணி உள்ள வரல" என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்தேன். இழுத்ததைச் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று அப்போது நினைக்கவில்லை. அதைச் சொன்னால் என் வேலையில் ஏதோ குறை என்று ஆகிவிடும், அவ்வளவுதான்.

அவன் என்னைப்போல இரண்டு பாகத்தோடு நிற்கிற ஆள் இல்லை. கடல் பக்கம் பார் சரிந்து இறங்குகிற இடத்துக்குப் போனான். நான்கு பாகம், ஐந்து பாகம் இருக்கும். முங்கினான். நான் மிதந்துகொண்டே எண்ணிக்கொண்டிருந்தேன். வந்தான், மூச்சு எடுத்தான், மறுபடி போனான். அப்படி ஏழெட்டு முறை. ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிக நேரம் கீழே இருந்தான். கடைசியில் வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தான்.

"மஞ்ச மஞ்சயா மீனு சாமி. என் மூஞ்சி கிட்ட வந்து நின்னு பாக்குது. நான் கைய வெச்சிக்கினு இருந்த பொந்து எல்லாம் இப்பத்தான் பாக்குறேன். ஒரு பொந்துல பச்சயா பூ மாரி இன்னாவோ ஆடுது. இத்தினி நாளா அது பக்கத்துலயே கைய உட்டுக்கினு இருந்துருக்கேன்."

அவன் பேசிக்கொண்டே இருந்தான். நான் அவன் கண்களைப் பார்த்தேன். வெள்ளை என்று ஒன்றும் மிச்சமில்லை. கருவிழியைச் சுற்றி முழுக்க ரத்தம் கட்டியிருந்தது. கண்ணைச் சுற்றி ரப்பர் வளையம் ஊதா நிறத்தில் பதிந்திருந்தது.

கரைக்கு வந்து அவன் அக்கா முகம் பார்க்கிற கையளவுக் கண்ணாடியைக் கொடுத்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. வெகு நேரம் பார்த்தான். "நல்லாத்தான் தெரியுது. வலி கொஞ்சம்தான். காலைக்குள்ள பூடும்" என்றான். கைக்குழந்தைக்காரியான அவன் அக்கா கண்ணில் தாய்ப்பால் பிழிந்து விட்டாள். நான் ஈரத்துணியை நனைத்து நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலைக்குள் போகவில்லை.

மூக்கையும் சேர்த்து மூடியிருந்தால், இழுக்கிறபோது மூக்கு வழியே கொஞ்சம் காற்றை விட்டுச் சமாளிக்கலாம் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தத் திங்கட்கிழமை எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்த ரத்தத்துக்கு என் ரப்பர்தான் காரணம்.

டாக்டர் அறையிலிருந்து அவன் சீக்கிரமே வெளியே வந்துவிட்டான். சுவரில் மாட்டியிருந்த எழுத்தையெல்லாம் கடைசி வரிவரைக்கும் படித்தானாம். ஆனாலும் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ரத்தக்குழாய் பலவீனம், உயரத்தில் உட்காருகிற வேலைக்கு ஆகாது என்று எழுதிவிட்டார். எப்படி ஆனது என்று கேட்டதற்குக் கடலில் குளித்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். "கண்ணாடின்னு சொன்னா எங்கேந்து வந்துதுன்னு கேப்பானுங்க. அப்பால உனுக்கு பேஜாரு" என்றான். நான் கேன்டீன் வாசலில் அவனோடு நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் அறை இருபது அடி தூரம். நடந்துபோய், ஐயா, அது என்னால் ஆனது, இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. என் வேலை போய்விடும் என்ற பயம். அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்.

பத்தே நாளில் அவன் கண் பழையபடி வெளுத்துவிட்டது. அதற்குள் வேறு ஒருவனை எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் தற்காலிக ஆட்களைக் குறைத்தபோது அவனையும் நிறுத்தினார்கள்.

ஆடியில் பக்கத்து மனையில் புது ஷெட் வந்தது. கிரேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பம் ஒன்று வாங்கிக்கொண்டு பழவேற்காட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். அவன் ஏரிக்கரையில் கிளிஞ்சல் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தான். மூன்று நாளாக அண்ணனோடு கடலுக்குப் போய்விட்டு வந்ததில் முகம் வற்றிக் கிடந்தது. "மூணு நாளா வவுத்துல ஒண்ணும் நிக்கல சாமி" என்று சொல்லிச் சிரித்தான். விண்ணப்பத்தைக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தான். பிறகு அவனாகவே கேட்டான்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கி மொதல்ல நீதான போட்டுக்கினு முங்குன? உனுக்குக் கண்ண இழுத்துச்சா?"

இழுத்தது என்று சொல்லத்தான் வந்திருந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி வரும், தெரிந்துமா என்னிடம் கொடுத்தாய் என்று.

"இல்லடா" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். கோபம் எதுவும் இல்லை. ஏதோ ஒரு சந்தேகம் தீர்ந்த மாதிரி முகம்.

"அப்ப என் கண்ணுலதான் கோளாறு. டாக்டரு சொன்னது கரீட்டுதான். இத்த வெச்சிக்கினு மேல குந்தி இரும்பத் தூக்கி, கீழ நிக்கறவன் மேல போட்டுட்டா?" என்று விண்ணப்பத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தான். "வேற ஆளுக்குக் குடு. நல்லவேள சாமி, உனுக்கு ஒண்ணும் ஆவல."

அதற்குப் பிறகு அவன் எந்த மில் வாசலிலும் போய் நிற்கவில்லை.