படாக் தூள் மூட்டை

ஒச்சம்மாவுக்கு நாய் என்றாலே ஆகாது. இதை இன்றைக்கு அந்தமான் ஜங்லிகாட்டில் போய்ச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் அந்தத் தெருவில் அவள் குடியிருக்கிற முப்பத்தைந்து வருடத்தில், முப்பத்து மூன்று வருடம் நாயைக் கண்டால் துடைப்பத்தைத் தூக்கியவள்தான். நாய்ப் பைத்தியம் அவள் புருஷன் முருகையாவுக்கு. மரப்பட்டறையில் வேலை. மத்தியானச் சோற்றில் பாதியை நாய்க்கு வைத்துவிட்டு, "எனக்கு வயிறு ரொம்பிருச்சு புள்ள" என்று வாய் கூசாமல் பொய் சொல்கிற ஆள்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து, கல்யாணமான மூன்றாம் மாதம், தூரத்துச் சொந்தக்காரர் குடும்பத்தோடு கப்பலேறி வந்தாள் ஒச்சம்மா. நாலு நாளும் வாந்தி. இறங்கிப் பார்த்தால், கப்பல்துறையில் நிற்கிற புருஷனை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. தலை, மீசை, புருவம், காது மடல் எல்லாம் செக்கச் செவேலென்று தூள். லீவு கிடைக்காமல் பட்டறையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார். "இதென்னங்க கோலம்?" என்றாள். "படாக் மரத்தூளு. இங்கிட்டு வெளையிற மரம். அறுத்தா இப்படித்தான் பறக்கும்" என்று பல்லைக் காட்டினார். அந்தமானில் அவள் பேசிய முதல் பேச்சே புருஷனை அதட்டியதுதான். அந்த உறவு அப்படியே போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை கிடைத்தது அவளுக்கு. பெங்காலிப் பிள்ளை, தெலுங்குப் பிள்ளை, மலையாளப் பிள்ளை, ராஞ்சிப் பிள்ளை எல்லாவற்றுக்கும் சோறு போட்டாள். இந்தி அந்தப் பிள்ளைகளிடம் கற்றதுதான். ஆறே மாதத்தில் மார்க்கெட்டில் இந்தியிலேயே சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். பெண் அகிலா பிறந்தாள், தவழ்ந்தாள், அப்பாவின் சட்டையைப் பிடித்து எழுந்து நின்றாள். சுவரெல்லாம் சிவப்பு விரல் தடம். ஞாயிற்றுக்கிழமையானால் மூவரும் பாலம் தாண்டி சாத்தம் தீவுக்குப் போவார்கள். எதிர்க்கரை பம்பூஃபிளாட்டுக்குப் போகிற படகில் வண்டிகள் ஏறுவதை வேடிக்கை பார்த்து, ஆளுக்கொரு சமோசா தின்றுவிட்டுத் திரும்புவார்கள். அதைவிடப் பெரிய சுகம் எதுவும் அவள் ஆயுசில் இருந்ததில்லை. அப்போது அது தெரியவில்லை, இப்போது தெரிகிறது.

கேஸ் அடுப்பு வருவதற்கு முன் அவர்கள் வீட்டில் மரத்தூள் அடுப்பு. கேஸ் வந்த பிறகும் வெந்நீர் போட மாதம் ஒரு மூட்டைத் தூள் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார் முருகையா. இரண்டு வருடம் முன்பு, தை மாதத்தில், பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசியாகக் கொண்டுவந்த மூட்டை பின்பக்கக் கொட்டகையில் கட்டின கட்டோடு இருந்தது. அந்த அடுப்பை ஒச்சம்மா பிறகு பற்ற வைக்கவே இல்லை. மனசு ஒரு மாதிரி ஆகிற நாட்களில் போய் மூட்டையின் வாயை அவிழ்ப்பாள், முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மூச்சை இழுப்பாள், மறுபடி கட்டிவிடுவாள். அதில் அவர் இருந்தார். இதற்கு மேல் அதை விளக்கச் சொன்னால் அவளுக்குத் தெரியாது.

அவர் விட்டுப்போன நாய் பிஜ்லி. விரட்டினாள், போகவில்லை. சோறு போடாமல் பார்த்தாள், வாசலிலேயே கிடந்தது. கடைசியில் ஒரு நாள், "இந்தா, தின்னு தொலை" என்று ஒரு பிடி வைத்தாள். அத்தோடு சரி, இவள் போகிற இடமெல்லாம் பிஜ்லி பின்னாலேயே. போன ஜூனில் மழை பிடித்த முதல் வாரம், கொட்டகையில் பழைய அடுப்புக்குப் பக்கத்தில் ஐந்து குட்டி போட்டிருந்தது. கண் திறக்காத ஐந்து உருண்டை. ஒச்சம்மா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். அவர் இருந்திருந்தால் தெருவுக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

"அவரு நாயி, அவரு குட்டிங்க. ஒண்ணுகூடக் கொறையக் கூடாது" என்று சத்தமாகவே சொன்னாள். சாமிக்கு நேர்ந்துகொள்கிற மாதிரித்தான் சொன்னாள்.

பிஜ்லி முன்பு இரண்டு தடவை குட்டி போட்டிருக்கிறது. இரண்டு தடவையும் முருகையா ஆப்பிள் பெட்டியின் முன்பக்கப் பலகையைத் தாழ அறுத்து, பட்டறையிலிருந்து என்னத்தையோ அள்ளிவந்து பரப்பினார். ஒச்சம்மா வாசற்படியில் நின்று திட்டியதோடு சரி, எட்டிப் பார்த்ததில்லை. பெட்டி ஞாபகம் இருந்தது, மர வாசனை ஞாபகம் இருந்தது. அதனால் பரண்மேல் கிடந்த அதே பெட்டியை இறக்கினாள். பிறகு கொட்டகை மூலைக்குப் போய் மூட்டையை அவிழ்த்தாள். கை கொஞ்சம் தயங்கியது. அவர் குட்டிகளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு என்று நினைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அள்ளி ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினாள். பட்டு மாதிரி சிவப்பு மெத்தை. பிஜ்லி மோந்து பார்த்தது, மூன்று சுற்றுச் சுற்றியது, படுத்துக்கொண்டது. அதற்கும் வாசனை தெரிந்துவிட்டது என்று ஒச்சம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்தாள்.

அடுத்து நோய். பின் தெருவில் போன வருடம் பார்வோ வந்து ஏழு குட்டி ரத்தமாகப் பேதியாகிச் செத்திருந்தது. இங்கே அது நுழைந்துவிடுமா? நுழைய விட்டுவிடுவாளா ஒச்சம்மா? கேட்டில் பிளீச்சிங் பவுடர். பிஜ்லியின் தட்டு தினமும் வெந்நீரில். வருகிறவர்கள் செருப்பைத் தெருவிலேயே விட வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அப்புறமும் தொடக் கூடாது. பக்கத்து வீட்டுக் கமலாட்சிக்கு இதில் தாங்க முடியாத கோபம். அவள் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழைவிட இந்தி சரளம்.

"அரே, என்ன அக்கா இது? குட்டியைத் தூர நின்னு பார்க்கக்கூட ஹாத் கழுவணுமா? நான் என்ன பாகலா, பைத்தியமா?"

"கழுவிட்டு வா, இல்லாட்டி அங்கனயே நில்லு. ஊரெல்லாம் மிதிச்ச செருப்போட உள்ள வந்த, பிச்சுப்புடுவேன்."

"முருகையா பாய்சாப் இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"அவரு இருந்தா நான் ஏண்டி இதப் பார்க்கப் போறேன்?" என்றாள் ஒச்சம்மா. கமலாட்சி போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள் ஒரு குட்டி தும்மியது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து தும்மல் வருவது வேடிக்கையாக இருந்தது, சிரித்தாள். சாயங்காலத்துக்குள் ஐந்தும் தும்மின. நாலாம் நாள் காலையில் ஆகச் சிறியது காம்பை வாயில் வைக்கும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், மறுபடி வைக்கும். மூக்கு அடைத்துக்கொண்டால் எப்படிக் குடிக்கும்? மத்தியானம் செத்துப்போனது. ஒச்சம்மா பதறிப்போய்ப் பெட்டியைக் கழுவினாள், பழைய தூளைக் கொட்டினாள், மூட்டையிலிருந்து புதிதாக அள்ளி முன்னைவிடக் கூடுதலாகவே போட்டாள். மறுநாள் விடிந்தபோது இன்னொன்றும் விறைத்துக் கிடந்தது. இரண்டையும் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று சொன்ன வாய்தானே இது என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

மிச்சம் மூன்றையும் கூடையில் வைத்து, பிஜ்லியையும் ஏற்றிக்கொண்டு, ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டாக்டர் ஸ்வேதா. வயது முப்பதுக்குள்தான், ஆனால் அவசரப்படாத பெண். ஒரு குட்டியை உள்ளங்கையில் வைத்து, பஞ்சை நனைத்து மூக்கைத் துடைத்தார். பஞ்சு சிவந்தது.

"ஐயோ, ரத்தமா?" என்றாள் ஒச்சம்மா.

"ரத்தம் இல்ல ஆன்ட்டி. ஏதோ தூள். எதுல படுக்க வெச்சிருக்கீங்க?"

"படாக் தூளுதான். நல்லா நைசாச் சலிச்ச மாதிரி இருக்கும் டாக்டரம்மா."

டாக்டர் சிவந்த பஞ்சை அவள் முன் நீட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நைசா இருக்கிறதுதான் ஆன்ட்டி கஷ்டம். இதுங்க மூக்கு நாள் பூரா தரையிலதான இருக்கு? ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ள போகுது. அதுலயும் படாக் தூள் மூக்குக்கும் நெஞ்சுக்கும் ஆகவே ஆகாது. பெரியவங்களுக்கே ஆகாது. நோய் வெளியிலேர்ந்து வராம நல்லா தடுத்திருக்கீங்க, அது டீக் ஹை, சரிதான். இது உள்ளயே இருந்திருக்கு."

ஒச்சம்மாவுக்குச் சுருக்கென்றது. "எம்புள்ள இந்தத் தூளுல தவழ்ந்துதான் வளர்ந்துச்சு. எங்க வீட்டுக்காரரு ரெண்டு தடவ இதே பொட்டியில குட்டி வளர்த்தாரு. ஒண்ணும் ஆகலயே!"

"அவர் போட்டது தூளா, இழைக்கிறப்ப சுருள் சுருளா விழுமே அந்தச் சீவலா? மேல துணி விரிச்சாரா?"

ஒச்சம்மாவுக்குத் தெரியாது. அவள்தான் எட்டிப் பார்க்கவே இல்லையே.

டாக்டர் மூக்குக்குச் சொட்டு மருந்து கொடுத்தார், ஒவ்வொன்றாகச் சொன்னார். பழைய பருத்தித் துணிதான் நல்லது. வேகவைத்துத் துவைத்து, ஈரமில்லாமல் விரிக்கணும், நனைந்தால் உடனே மாற்றணும். இரண்டு வாரம் வரைக்கும் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றத் தெரியாது, அதனால் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் கதகதப்பு வேண்டும், சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்கணும். இரண்டு வாரத்தில் பூச்சி மருந்து, தாய்க்கும் சேர்த்து. ஆறாவது வாரம் முதல் ஊசி. அதுவரை தெருப் பக்கம் விடக் கூடாது. "மூணும் பிழைக்குமா?" என்று கேட்டாள். "ரெண்டு பரவாயில்ல. இந்தச் சின்னப் பொட்டைக் குட்டிதான், மூணு நாள் போகணும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் குட்டிகளைக் கமலாட்சியின் மடியில் விட்டுவிட்டு, கொட்டகைக்குள் போய்ப் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தாள். தூள் எழும்பியது. மூக்கில் ஏறி, நெஞ்சில் இறங்கி, இருமல் பிடித்துக்கொண்டது. வளைந்து, சுவரைப் பிடித்து, கண்ணில் நீர் வர இருமினாள். இருமிக்கொண்டே அப்படியே நின்றுவிட்டாள். இந்த இருமல் அவளுக்குத் தெரிந்த இருமல்.

விடியற்காலம் ஆனால் முருகையா இருமுவார். இதே வறட்டு இருமல், இதே இழுப்பு. பீடிதான் காரணம் என்று ஒச்சம்மா தலைகீழாக நின்றாள். அகிலா பத்தாவது படிக்கிறபோது ஒரு நாள், "விட்டுட்டேன் புள்ள" என்று வந்து நின்றார். ஆனால் இருமல் விடவில்லையே! அப்படியானால் திருட்டுத்தனமாகக் குடிக்கிறார் என்றுதானே அர்த்தம்? சட்டையை மோந்தாள், பையைத் துழாவினாள். ஒரு துண்டு கிடைக்கவில்லை. பட்டறையில் ஒளித்துவைத்திருப்பார் என்றாள். "சத்தியமா இல்ல புள்ள" என்று கொஞ்ச வருடம் சொன்னார். அப்புறம் சொல்வதையும் விட்டுவிட்டுச் சிரிப்பார். "பொய் சொல்ற ஆளு பக்கத்துல படுக்க மாட்டேன்" என்று பாயை முன்னறைக்குத் தள்ளினாள். பதினைந்து வருடம் அந்த மனுஷன் தனியாக முன்னறையில் படுத்தார்.

கமலாட்சி கொட்டகை வாசலில் வந்து நின்றாள். மூட்டை மேல் ஒச்சம்மா எவ்வளவு உயிர் வைத்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். "அக்கா, வாயை இறுக்கிக் கட்டி ஓரமா வெச்சிடலாமே. பாய்சாப் கொண்டுவந்தது."

ஒச்சம்மா கயிற்றைக் கையில் எடுக்கத்தான் எடுத்தாள். குட்டிகள் இன்னும் ஆறு வாரம் இதே கொட்டகையில் மூச்சு விட வேண்டும். கயிற்றைப் போட்டுவிட்டு, தூள் பறக்காமல் இருக்க மூட்டைக்குள் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினாள். இழுத்துக்கொண்டு போய்த் தென்னை மரத்தடியில் கொட்டினாள். மழை வலுத்தது. தண்ணீர் சிவப்பாக ஓடிச் சாக்கடையில் விழுந்தது. அழுதாள், மறைக்கவில்லை.

டிரங்குப் பெட்டியிலிருந்து அவருடைய நாலு கைலியை எடுத்துக் கிழித்தாள், வேகவைத்துத் துவைத்தாள். ஜூன் மழையில் துணி எங்கே காயும்? கமலாட்சி இஸ்திரிப் பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள், இரண்டு பேரும் முறை வைத்துத் தேய்த்தார்கள். குண்டு பல்பு தேடிக் கடை கடையாக ஏறினாள், எல்லாம் எல்.ஈ.டி., அதில் சூடே கிடையாது. கடைசியில் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டைச் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்தாள். இரண்டு மணிக்கொரு தரம் பொட்டைக் குட்டிக்கு மூக்கில் சொட்டு விட்டுத் துடைத்து, காம்பில் வாயை வைத்துப் பிடித்துக்கொண்டாள். "குடி சாமி, நீயாவது குடி" என்பாள். முதல் நாள் குடிக்கவில்லை. இரண்டாம் நாள் நாலு இழுப்பு. மூன்றாம் நாள் தும்மல் நின்றது. நாலாம் நாள் காலை மற்ற இரண்டையும் காலால் தள்ளிவிட்டு முன்னால் போய்க் காம்பைப் பிடித்தது.

ஒச்சம்மா பெட்டிப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். மூன்றும் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கொட்டகையில் மர வாசனை துளியும் இல்லை, சோப்பும் நாய்ப்பாலும்தான். போனை எடுத்துச் சென்னையிலிருக்கிற மகளைக் கூப்பிட்டாள்.

"அகிலா, உங்கப்பா பீடிய நெசமாவே விட்டுட்டாருடி."

"என்னம்மா இப்ப போய்? அது நான் பத்தாவது படிக்கிறப்பவே விட்டாச்சே. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும்மா. உன்கிட்டதான் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டு விட்டுட்டாரு."

"ஆமாடி. நாந்தான் நம்பல" என்றாள் ஒச்சம்மா. அகிலா "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.